நிற்க வைத்தால் வாசிப்பு வராது

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரை இப்போது ஆசிரியர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தமிழ் வாசிக்கத் திணறுவதைப் பற்றியது. எட்டாம் வகுப்புவரை எல்லோருக்கும் தேர்ச்சி என்று ஆனதும் பயம் போய்விட்டது, பயம் போனதும் வாசிப்பும் போய்விட்டது என்கிறார். ஆகவே வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்க வேண்டுமாம். தினமும் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று வகுப்பு முழுக்கக் கேட்க வாசிக்க வேண்டுமாம். தப்பு வந்த இடத்திலேயே திருத்த வேண்டுமாம். தன்னம்பிக்கை, கதைப் புத்தகம், சோடி சேர்ந்து வாசிப்பது எல்லாம் வாசிக்கத் தெரிந்த பிறகு கொடுக்கலாமாம்.

அவருடைய கவலை உண்மையானது. தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரால் இரண்டாம் வகுப்புக் கதையைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை என்பதை, பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் அறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எட்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளை செய்தித்தாளின் ஒரு பத்தியை வாசிக்க முடியாமல் நிற்பது நமக்கெல்லாம் அவமானம். ஆனால் அந்தக் கவலையிலிருந்து அவர் வந்து சேர்ந்திருக்கும் முடிவு முழுக்கத் தவறு. எந்தப் பிள்ளைக்காகப் பேசுவதாகச் சொல்கிறாரோ, அந்தப் பிள்ளையைத்தான் அது முதலில் பள்ளியை விட்டு வெளியே தள்ளும்.

அவர் பெருமையோடு நினைவுகூரும் அந்த வகுப்பறையையே எடுத்துக்கொள்வோம். முப்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை. ஒருவர்பின் ஒருவராக எழுந்து வாசித்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 1 நிமிடம் 20 நொடி. மிச்சமிருக்கும் 38 நிமிடத்துக்கும் மேலான நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? நன்றாக வாசிக்கிற பிள்ளை அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. திணறுகிற பிள்ளை, தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தனக்கு வரப்போகும் வாக்கியம் எது என்று கணக்குப் போட்டு, பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டு அதை மட்டும் மனப்பாடம் செய்கிறது. நடுவில் ஒருவர் இரண்டு வாக்கியம் வாசித்துவிட்டால் கணக்குப் பிசகுகிறது. பிள்ளை வாயடைத்து நிற்கிறது. வகுப்பு சிரிக்கிறது. வகுப்பறையில் உட்கார்ந்து கவனித்த எவருக்கும் இது தெரியும். இத்தனை ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தே இதைப் பயிற்சி என்று எழுதுகிறார். வாசிப்புப் பயிற்சி என்பது வாசிப்பது; தன் முறைக்காக நடுங்கிக்கொண்டு காத்திருப்பது பயிற்சியாகாது.

அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிங்டன் 1977இல் கேட்ட கேள்வி இதுதான்: வாசிக்கவே அதிகம் விடாதபோது பிள்ளை எப்படி வாசிப்பில் தேறும்? 1980இல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நம் கட்டுரையாளரின் மூன்றாவது யோசனைக்கு நேரான பதில். தப்பு வந்தால் ஆசிரியர்கள் எப்போது குறுக்கிடுகிறார்கள் என்று அவர் பார்த்தார். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளைவிடத் திணறும் பிள்ளைகளையே ஆசிரியர்கள் மிக அதிகமாக இடைமறித்தார்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு, வாக்கியத்தின் முடிவுவரை போய், பொருள் பொருந்தவில்லையே என்று தானே உணர்ந்து, திரும்பி வந்து திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. திணறும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆசிரியர் உடனே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறார், அல்லது அதட்டிவிடுகிறார். நாளடைவில் அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்த்து வாசிக்கப் பழகுகிறது. தப்பு வந்த இடத்திலேயே திருத்துவது என்று அவர் கொண்டாடுவது இந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அது நம் மொழிக்கே உரியது. எது தப்பு என்று யார் முடிவு செய்வது? 'பழம்' என்று அச்சிட்டிருப்பதைப் 'பளம்' என்று வாசிக்கும் பிள்ளை அந்தச் சொல்லை வாசித்துவிட்டது. எழுத்தை அடையாளம் கண்டது, சொல்லைக் கண்டது, பொருளையும் கண்டது. அதன் வீட்டிலும் தெருவிலும் அந்தச் சொல்லை அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னைப் பக்கத்துப் பிள்ளை 'வாயப்பயம்' என்று வாசித்தாலும் அதே கதைதான். ஆனால் 'மரம்' என்று இருப்பதைப் 'பரம்' என்று வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து பிடிபடவில்லை. படத்தில் வீடு இருப்பதால் 'குடிசை' என்ற சொல்லை 'வீடு' என்று வாசிக்கும் பிள்ளை எழுத்தையே பார்க்கவில்லை, ஊகிக்கிறது. இந்த மூன்றும் மூன்று வேறு நிலைகள். முதல் பிள்ளையை அப்போது தொடவே கூடாது. உச்சரிப்பை வேறொரு பாடவேளையில் பாட்டிலும் கதையிலும் பழக்கலாம். இரண்டாவது பிள்ளைக்கு ம, ப இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தனியே கற்பிக்க வேண்டும். மூன்றாவதைப் படத்திலிருந்து எழுத்துக்குத் திருப்ப வேண்டும். கட்டுரையாளரின் வகுப்பில் மூவருக்கும் கிடைப்பது ஒரே அதட்டல். இதில் அதிகம் அடிபடுவது எந்தப் பிள்ளை என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஏட்டுத் தமிழ் காதில் விழாத பிள்ளை, அதன் தாய் தகப்பன் பேச்சையே தப்பு என்று வகுப்பு முன்னால் கேட்டு உட்காருகிறது.

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் பொறுக்கிறோம் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அளந்து பார்த்தார். ஏறத்தாழ ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன; மெல்லக் கற்பவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வாய் திறந்தார்கள். பைசா செலவில்லாத சீர்திருத்தம் இது. பயத்தை மருந்தாக எழுதிக் கொடுக்கும் ஒருவருக்கு இந்த மூன்று நொடிப் பொறுமை நினைவுக்கு வரவேயில்லை.

தமிழ் எழுத்தை வாசிப்பதில் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைப் பற்றி அத்தனை நீளக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 247 எழுத்தும் தெரிந்தால் போதும் என்பதோடு அவர் முடித்துக்கொள்கிறார். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால், நடுவில் க. இடமிருந்து வலமாகப் போகப் பழகிய கண், முதலில் பார்க்கும் குறியைக் கடைசியில் ஒலிக்க வேண்டும். 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் அதே க, மூன்று ஒலி. 'வந்துட்டாங்க' என்று நாள் முழுக்கப் பேசும் பிள்ளை 'வந்துவிட்டார்கள்' என்று அச்சில் பார்க்கும்போது, எழுத்தைக் கூட்டி முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று உணர்வதில்லை. இவை ஒவ்வொன்றையும் நிதானமாக, திட்டமிட்டு, சின்னச் சின்ன அடியாகக் கற்பிக்க வழி உண்டு; பல ஆசிரியர்கள் கற்பிக்கவும் செய்கிறார்கள். ஒரு பிள்ளையை அதே வகுப்பில் இன்னொரு ஆண்டு உட்காரவைப்பதால் இவற்றில் எது விளங்கிவிடும்? சென்ற ஆண்டு அதே புத்தகத்தை அதே முறையில் நடத்தியபோது விளங்காதது, இந்த ஆண்டு தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவே கூனிக்குறுகி உட்கார்ந்தால் விளங்கிவிடுமா?

அந்தக் காலத்தில் எல்லோரும் வாசித்தார்கள் என்கிறார். யார் அந்த எல்லோரும்? பிரம்பும் பெயிலும் ஆண்ட பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 விழுக்காடு. பெண்களில் 51.33. ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய நினைவில் இருப்பவர்கள் அந்த வகுப்பில் தாக்குப்பிடித்தவர்கள் மட்டும். இரண்டு முறை பெயிலாகி ஆடு மேய்க்கவும் தீப்பெட்டி ஒட்டவும் போனவர்கள் அவருடைய ஐந்தாம் வகுப்பில் உட்காரவே இல்லை, ஆகவே அவர்கள் வாசிக்கத் தெரியாதவர்கள் என்ற கணக்கிலும் வரவில்லை. வெளியேற்றப்பட்டவர்களைக் கழித்துவிட்டு மிஞ்சியவர்களின் தேர்ச்சியைக் காட்டுவது நேர்மையான வாதம் அல்ல.

அந்தப் பெண்களில் ஏராளமானோர் பிறகு வாசிக்கக் கற்றதும் இதே தமிழ்நாட்டில்தான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்குவாரியில் உழைத்த பெண்களும் வயல்வேலை செய்த பெண்களும் இரவில் கூடி எழுத்துக் கற்றார்கள். கூடவே சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அவர்களைப் பெயிலாக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அதட்டினால் மறுநாள் வரமாட்டார்கள். அதனால் சொல்லிக்கொடுத்த இளைஞர்கள், கற்க வந்தவரின் வாழ்க்கையிலிருந்து சொல்லெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சைக்கிளை அந்த இயக்கத்தோடு சேர்த்தவர்களுக்குத் தன்னம்பிக்கையும் எழுத்தும் சேர்ந்தே வளரும் என்று தெரிந்திருந்தது. பயம் இல்லாமல் வாசிப்பு வராது என்பவர், இவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது பாதி உண்மை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16 எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019 திருத்தம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. இதுவரை அவர் சொல்வது சரி. அவர் விட்டுவிட்டது பிரிவு 24. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எல்லோருக்கும் தேர்ச்சி என்பதை நிறைவேற்றினோம். பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பிப்பதைப் பெரும்பாலும் கைவிட்டோம். நடந்த துரோகம் இதுதான். கைவிட்டவர்கள் நிர்வாகமும் நாமும். தண்டனையை மட்டும் அவர் பிள்ளைக்கு எழுதுகிறார். பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதையும் அவர் குறிப்பிடவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையை வகுப்பே பார்க்க நிற்க வைப்பது எந்தக் கணக்கில் வரும் என்பதை அவரே யோசிக்கட்டும்.

மிசிசிப்பியைச் சான்றாகக் காட்டுகிறார். அமெரிக்காவின் அந்த ஏழை மாநிலம் 2013இல் சட்டம் போட்டு மூன்றாம் வகுப்பில் வாசிக்காதவர்களை நிறுத்திவைத்தது, 2019க்குள் நான்காம் வகுப்பு வாசிப்பில் தேசியச் சராசரியைத் தொட்டுவிட்டது என்று எழுதுகிறார். உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் கீழ், பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு வாசிப்பு எப்படி உருவாகிறது என்ற பாடத்தில் நீண்ட பயிற்சி கொடுத்தார்கள். மழலையர் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சோதித்து, பின்தங்கியவர்களைக் கண்டு, பெற்றோருக்குச் சொல்லி, தனித்திட்டம் வகுத்தார்கள். இத்தனையையும் மறைத்துவிட்டு, நிறுத்திவைத்ததை மட்டும் பிடுங்கி எடுத்துக் காட்டுகிறார். நிறுத்திவைப்பதையே பெரிதாக நம்பிய சிகாகோ நகரம் 1996 முதல் 3, 6, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்தது. மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் அதனால் முன்னேறவில்லை, ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் இன்னும் பின்தங்கினார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு கண்டது. எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளியை விட்டுப் போவது கூடியது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. மிசிசிப்பி தெரிந்தவருக்கு சிகாகோ தெரியாமல் போனது எப்படி?

இனி தன்னம்பிக்கை. அவர் இதை வீண் புகழ்ச்சி என்று புரிந்துகொண்டிருக்கிறார். எதற்கெடுத்தாலும் 'சூப்பர்' என்று சொல்லி நட்சத்திரம் ஒட்டுவதை நானும் ஏற்கவில்லை. வாசிக்காத பிள்ளையிடம் நன்றாக வாசித்தாய் என்றால் பொய் என்று அதற்கே தெரியும். ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் வகுத்துச் சொன்னது நினைவிருக்கட்டும்: என்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, ஒருவர் தானே செய்து முடித்த அனுபவம். ஆகவே முதலில் வாசிப்பு, பிறகு தன்னம்பிக்கை என்ற அவருடைய வரிசையே தவறு. தன்னால் முடியும் நிலையிலிருக்கும் ஒரு பக்கத்தை இன்று முடித்த பிள்ளைதான் நாளை அடுத்த பக்கத்தைத் திறக்கும். நம்பிக்கை போன பிள்ளை புத்தகத்தைத் திறப்பதில்லை. திறக்காததால் இன்னும் பின்தங்குகிறது. முன்னே இருப்பவர் மேலும் முன்னேற, பின்னே இருப்பவர் மேலும் பின்தங்கும் இந்தச் சுழலைக் கீத் ஸ்டனோவிச் 1986இலேயே விளக்கிவிட்டார்.

சோடி சேர்ந்து வாசிப்பது விளையாட்டு என்கிறார். அதே நாற்பது நிமிடத்தில் முப்பது பிள்ளைகளைப் பதினைந்து சோடியாக உட்கார வைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபது நிமிடம் வாசிக்கக் கிடைக்கும்; 1 நிமிடம் 20 நொடி அல்ல. ஆசிரியர் நடந்து நடந்து, திணறும் சோடிகளின் பக்கத்தில் உட்காரலாம். ஒரே பத்தியைச் சரளம் வரும்வரை நான்கு முறை வாசிக்க வைப்பது இன்னொன்று. 1979இல் ஜே சாமுவேல்ஸ் எழுதிய எளிய முறை அது, நான்காவது முறையில் தன் குரலே மாறுவதைப் பிள்ளை கேட்கிறது. எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பையனிடம் முதல் வகுப்புக் கதைப் புத்தகத்தைக் கொடுத்து, நாளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீதான் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்வது. தன் வயதுக்குக் கீழான புத்தகத்தை அவன் வெட்கமில்லாமல் கையில் எடுக்கிறான், ஏனென்றால் அது தண்டனை அல்ல, வேலை. இரவு வீட்டில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கிறான். மறுநாள் ஏழெட்டு சின்னப் பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து அண்ணா, இன்னொரு கதை என்று கேட்கிறார்கள். அவனைத் தேர்வில் நிறுத்திவைத்து இதைச் சாதிக்க முடியுமா?

இது நல்லெண்ணப் பேச்சு என்று தள்ளுவார். பெருந்தொற்றுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வைத்து அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் மூவரும் செய்த ஆய்வைப் படிக்கட்டும். பள்ளி மூடலால் வந்த கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டுவந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மாலையில் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அதிகம் இழந்த ஏழைப் பிள்ளைகள்தான் வேகமாக மீண்டார்கள். அப்போது பெயில் இல்லை, பிரம்பு இல்லை. பக்கத்துத் தெரு அக்கா இருந்தாள், நேரம் இருந்தது.

தொடக்க வகுப்புகளுக்காக அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் காலவிரயம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துத் தொடங்கியது சரியான முடிவு. அரசின் வாசிப்பு இயக்கத்துக் குட்டிப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகப் பிரித்ததும் சரி. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில், கற்பிக்க வேண்டிய நேரத்தில் ஆசிரியர் கைபேசியில் மதிப்பீட்டையும் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்துக்கான பதிவையும் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பயிற்சிக் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். புத்தகம் கிழிந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பல பள்ளிகளில் கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வாசிப்பைத் தின்பது இவை. இவற்றைப் பற்றி எழுதினால் அதிகாரிகளோடு மோத வேண்டியிருக்கும். பத்து வயதுப் பிள்ளையோடு மோதுவது எளிது. அவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

ஐயா, உங்கள் பெயருக்கு ஆசிரியர்களிடம் மதிப்பு இருக்கிறது. பெயில் கேட்டுச் செலவிடும் அந்த மதிப்பை இதற்குச் செலவிடுங்கள்: ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் வகுப்புக்கொரு ஆசிரியர், நாள்தோறும் ஒரு மணி நேரம் எந்தப் பதிவேடும் குறுக்கிடாத வாசிப்பு வேளை, பூட்டில்லாத புத்தக அலமாரி. இந்த மூன்றையும் கேட்டு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.